வீட்டுக்குள் ஒரு ராட்டினம்

மேல்நாட்டு வியாபாரிகள் கொடுத்த வாக்குறுதிகளுள் ஒன்று நம் காலத்தில் விசித்திரமாகத் தாமதப்பட்டுக்கொண்டே வருகிறது. "அடுத்த வருஷம் பாருங்கள், வீட்டுக்கு வீடு இதுதான்!" என்று அவர்கள் சொல்லத் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்த வருஷம் வருகிறது. அதற்கடுத்த வருஷமும் தவறாமல் வருகிறது. அந்தச் சாமான் மட்டும் வீட்டுக்கு வீடு வந்தபாடில்லை. ஆங்கிலத்தில் 'வர்ச்சுவல் ரியாலிட்டி' என்றும், தமிழில் 'மெய்நிகர் உலகம்' என்றும், அவசரக்காரர்களால் 'வி.ஆர்.' என்றும் வழங்கப்படும் விளையாட்டைத்தான் சொல்லுகிறோம்.

அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கண் இரண்டையும் அடியோடு மறைக்கும் முகமூடி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதனுள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படம். தலையை இடப்பக்கம் திருப்பினால் படத்திலுள்ள உலகமும் தன் இடப்பக்கத்தைக் காட்டும். அண்ணாந்தால் ஆகாயம், குனிந்தால் பாதாளம். இரு கைகளிலும் இரண்டு பிடிகள் கொடுப்பார்கள். அவை அந்த உலகத்தில் வாளாகவும் வில்லாகவும் மாறிவிடும். பார்த்தவர்கள் யாரும் அற்புதம் என்றே சொல்லுவார்கள், நாமும் சொன்னோம். அற்புதம் என்று சொன்ன அத்தனை பேரும் ஏன் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் விசாரணைக்குரிய விஷயம்.

இது நேற்று முளைத்த யோசனையல்ல. 1968-லேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் என்ற விஞ்ஞானி இத்தகைய முகமூடி ஒன்றைச் செய்து காட்டினார். மேல்கூரையோடு ஓர் இரும்புக் கையினால் பிணைக்கப்பட்டிருந்த அந்த யந்திரத்துக்கு, தலைக்குமேல் கத்தி தொங்கும் கிரேக்கக் கதையிலிருந்து ஒரு பெயரும் ஏற்பட்டது. 1995-ல் ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனியார் 'வர்ச்சுவல் பாய்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். சிவப்பும் கறுப்புமாகவே படம் காட்டிய அந்தப் பெட்டி ஒரு வருஷத்துக்குள் கடைகளை விட்டு மறைந்தது. பிறகு 2012-ல் பால்மர் லக்கி என்ற இளைஞர், தமது 'ஆக்குலஸ் ரிப்ட்' கருவிக்காகப் பொதுஜனங்களிடம் இரண்டரை லட்சம் டாலர் கேட்டார். வந்து குவிந்ததோ சுமார் 24 லட்சம். 2014-ல் பேஸ்புக் கம்பெனி அவருடைய ஸ்தாபனத்தை ஏறக்குறைய 200 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2021-ல், இனி உலகமே இந்தப் பக்கம்தான் என்று, தன் பெயரையே 'மெட்டா' என மாற்றிக்கொண்டது. சாமிக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்குப் பெயர் மாற்றுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கம்பெனி ஒன்று நேர்ந்துகொண்டு பெயர் மாற்றியது இப்போதுதான். இந்தக் கருவிகளையும் இவற்றோடு சேர்ந்த ஆராய்ச்சியையும் கவனிக்கும் அதன் இலாகாவுக்கு 2024-ல் மட்டும் ஏற்பட்ட நஷ்டம் சுமார் 1,770 கோடி டாலர்.

ஜனங்கள் தொடவேயில்லை என்று சொல்லுவதும் நியாயமாகாது. சோனி கம்பெனியார் 2016-ல் தங்கள் விளையாட்டுப் பெட்டியோடு பொருத்துவதற்கென்று ஒரு முகமூடி விற்கத் தொடங்கினார்கள். 2019 முடிவதற்குள் 50 லட்சம் விற்றதாக அவர்களே அறிவித்தார்கள். நல்ல தொகைதான். ஆனால் அதே காலத்துக்குள் அந்த விளையாட்டுப் பெட்டி 10 கோடிக்கு மேல் விற்றிருந்தது! பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. விளையாட்டுப் பைத்தியமும் ஏற்கெனவே பிடித்திருக்கிறது. அப்படிப்பட்ட இருபது வீடுகளில் ஒரு வீடுதான் முகமூடி வாங்கிற்று. மற்றப் பத்தொன்பது வீட்டாரும் என்ன நினைத்தார்கள்?

"விலை ஐயா, விலை!" என்பது சுலபமான பதில். 2016-ல் இது ஓரளவு உண்மையே. அன்று ரிப்ட் 599 டாலர். அதற்குப் போட்டியாக வந்த 'வைவ்' 799 டாலர். இரண்டுக்கும் மேற்கொண்டு வலுவான கம்ப்யூட்டர் ஒன்றும், கழுத்திலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குத் தாம்புக் கயிறு போல ஒரு ஒயரும் வேண்டும். ஆனால் 2020-ல் வந்த 'குவெஸ்ட் 2' 299 டாலர்தான். கம்ப்யூட்டரும் வேண்டாம், கயிறும் வேண்டாம். விலை பாதியாயிற்று, தொல்லை பாதிக்கும் கீழே போயிற்று. விற்பனை ஏறியதும் உண்மை. ஆயினும் வாங்கியவர்கள் அதைத் தொடர்ந்து மாட்டிக்கொண்டார்களா என்றால், அங்கேதான் கதை நொண்டுகிறது. பிறந்தநாளன்று குடும்பத்தார் அத்தனை பேரும் மாட்டிப் பார்த்து ஆரவாரிப்பது. மறு வாரம் பிள்ளை மட்டும் மாட்டுவது. மறு மாதம் பெட்டி பரண் ஏறுவது. தேசந்தோறும் நடப்பது இதுவே. விலை தடையாயிருந்தால் சாமான் கடையில் தேங்க வேண்டும். இதுவோ வீட்டுக்கு வந்து பரணில் தேங்குகிறது.

நமது தேசத்தில் இன்னொரு விபரீதமும் நேர்ந்தது. இங்கே முக்காலே மூன்று வீசம் பேர் வி.ஆர். என்று முதன்முதலில் கண்டது உண்மையான கருவியை அல்ல. செல்போனைச் செருகிக்கொள்ளும் மலிவு முகமூடியைத்தான். கூகிள் கம்பெனி 2014-ல் அட்டையாலேயே ஒன்று செய்து வழிகாட்டிற்று. 2023-ல் ஜியோ கம்பெனி, கிரிக்கெட் பார்ப்பதற்காக 1,299 ரூபாய்க்கு ஒன்று விற்றது. இவற்றுக்குத் தலை திரும்புவது தெரியும். உடம்பு ஓர் அடி முன்னே வைத்தால் தெரியாது. நீங்கள் குனிந்து எட்டிப் பார்த்தால் உலகம் முழுவதும் உங்களோடு சேர்ந்து குனியும். ஐந்து நிமிஷத்தில் தலை சுற்றும். "ஓகோ, வி.ஆர். என்பது இதுதானா!" என்று கழற்றி வைத்தவர்கள் திரும்ப அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. காப்பி என்று சொல்லிச் சிக்கரித் தண்ணீரைக் கொடுத்தால் காப்பிக்குத்தானே கெட்ட பெயர்?

தலை சுற்றல் என்றோம். உயர்ந்த விலைக் கருவியிலும் அது முற்றிலும் தீரவில்லை. நம் உட்காதில் நீர் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உடம்பு திரும்புகிறது, சாய்கிறது என்ற சமாசாரத்தை மூளைக்குச் சொல்லுபவை அவை. முகமூடிக்குள்ளே குதிரை பாய்கிறது. "ஓடுகிறோம்" என்று கண் சொல்லுகிறது. "பொய், அசையாமல் நிற்கிறோம்" என்று காது சொல்லுகிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் மூளை வயிற்றைப் புரட்டுகிறது. மலைப்பாதையில் பஸ் ஏறும்போது எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகிறவர்களுக்கு இந்தத் தகராறு புதிதல்ல. விளையாட்டுச் செய்கிறவர்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள்: நடப்பதற்குப் பதிலாக, போகவேண்டிய இடத்தைச் சுட்டிக் காட்டினால் அங்கே தாவிவிடலாம். வயிறு தப்பியது, ஆனால் வீரன் வீதியில் ஓடாமல் தவளை மாதிரித் தத்திக்கொண்டு போனால் வீரரசம் என்ன ஆவது? கண்ணுக்கும் தனியாக ஒரு சங்கடம் உண்டு. விரலை மூக்கருகே கொண்டுவந்தால் நம் கண்கள் இரண்டும் உட்பக்கம் திரும்பும். கூடவே கண்ணின் மணிவில்லையும் கிட்டப்பார்வைக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும். முகமூடிக்குள் கண் திரும்பலாம், வில்லை திருந்தக்கூடாது. ஏனெனில் படம் எப்போதும் ஒரே தூரத்தில்தான் நிற்கிறது. பிறந்தது முதல் சேர்ந்தே வேலை செய்து பழகிய இரண்டு காரியங்களைப் பிரித்துவைத்தால் கண் வலிக்காமல் என்ன செய்யும்?

முகமூடியின் கனம் அரைக் கிலோ. குவெஸ்ட் 2-ன் எடை 503 கிராம். 2023-ல் வந்த குவெஸ்ட் 3-ன் எடை 515 கிராம். அரைக் கிலோப் பருப்பை முகத்தில் கட்டிக்கொண்டு கத்திரி வெயிலில் கூடத்தில் நின்று குதிப்பதை நேயர்கள் மனத்தில் கண்டுகொள்ளட்டும். மூக்கு வேர்க்கிறது, கண்ணாடி மங்குகிறது. ஏற்கெனவே மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் பாடு இன்னும் அதிகம். இந்தக் கருவியை உருவாக்கியவர்கள் கொண்டையையும், பின்னலையும், தலையில் வைத்த மல்லிகைச் சரத்தையும் ஒருபோதும் கண்டவர்களல்லர் என்பது அதன் வார்களைப் பார்த்தாலே தெரியும். நின்று ஆடுவதற்குக் குறைந்தது ஆறரை அடிக்கு ஆறரை அடி வெற்றிடம் வேண்டுமென்பது கம்பெனியாரின் சிபாரிசு. வல்லத்தில் நடுத்தரக் குடும்பத்துக் கூடத்தை நாம் அறிவோம். ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் டெலிவிஷன், மூலையில் நெல் மூட்டை, தையல் மெஷின். மிச்சமுள்ள இடத்தில் பாட்டி படுத்திருப்பாள். இவ்வளவுக்கும் மேலே, தாழ்ந்த கூரையில், மின்விசிறி! வாளை ஓங்கவேண்டிய சமயத்தில் மேலே சுழலுவது இன்னதென்று முகமூடிக்குள்ளிருப்பவனுக்கு யார் சொல்லுவது?

இத்தனை அசௌகரியம் இருக்கிறதே, அதனால்தான் ஜனங்கள் விலகுகிறார்கள் என்று முடித்துவிடலாமா? முடிக்க முடியாது. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட திருவிழாக் கூட்டத்தில் ராட்டினம் என்று ஒன்று சுற்றுமே, அதில் ஏறினாலும் தலை சுற்றுகிறது, வயிறு புரளுகிறது, இடுப்பில் கம்பி அழுத்துகிறது. அதற்குக் காசு கொடுத்து, வரிசையில் நின்று, இறங்கியதும் "இன்னொரு தடவை" என்று குழந்தைகள் அழுகின்றன. ஆனால் எந்தத் தகப்பனாரும் ராட்டினத்தை விலைபேசி வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. நமது அபிப்பிராயத்தில் வி.ஆர். விளையாட்டின் ரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. அது ராட்டினத்தின் ஜாதி. செய்தவர்கள் அதை ரேடியோவின் ஜாதி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு விற்கப் புறப்பட்டார்கள்.

சரித்திரத்தில் இதே பிசகு முன்னொரு முறையும் நடந்திருக்கிறது. 1894-ல் எடிசனுடைய 'கைனடாஸ்கோப்' நியூயார்க்கில் கடை திறந்தது. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த மரப்பெட்டி. மேலே ஒரு துவாரம். குனிந்து கண்ணை வைத்தால் உள்ளே படம் ஓடும். ஒரு பெட்டிக்கு ஒரு கண்காரர்! கூட்டம் நெருக்கிற்று, எடிசனும் இதுவே போதுமென்றிருந்தார். 1895 டிசம்பரில் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் அதே படத்தைச் சுவரில் வீழ்த்திக் காட்டினார்கள். ஒரு படத்தை ஊரார் எல்லாரும் பார்க்கலாம் என்று தெரிந்தவுடன் துவாரத்துப் பெட்டிக்குச் சீக்கிரத்தில் முடிவுகாலம் வந்துவிட்டது. அடுத்த ஜூலையிலேயே லூமியேரின் படம் பம்பாய்க்கு வந்தாயிற்று. 1905-ல் திருச்சியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். கூடாரத்தில் உட்கார்ந்த குடியானவன் ஒரு கருவியும் வாங்கவில்லை, ஒரு கயிறும் மாட்டவில்லை, கண்ணைக் கட்டிக்கொள்ளவுமில்லை. பக்கத்தில் பெண்டாட்டி பிள்ளைகள். சிரித்தால் ஊரே சேர்ந்து சிரித்தது.

துவாரத்துப் பெட்டியைத்தான் இப்போது முகத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதைவிட லேசான ஒரு மறைப்பையே ஜனங்கள் பொறுக்கவில்லை. 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்துக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்த தலைமுறை நம்முடையது. கொட்டகையில் அது திருவிழாவாக இருந்தது. அந்த முப்பரிமாணத்தையே வீட்டு டெலிவிஷனில் வைத்து, மாட்டிக்கொள்ளக் கண்ணாடியும் கொடுத்து விற்றுப் பார்த்தார்கள். 2017-ல் சோனியும் எல்.ஜி.யும் அவ்வகை டெலிவிஷன் செய்வதையே நிறுத்திக்கொண்டன. காகிதக் கனமுள்ள கண்ணாடி கொட்டகையில் இனித்தது, வீட்டில் கசந்தது. வீடு என்பது நாலுபேர் நடுவில் இருப்பதற்கான இடம். அம்மா கூப்பிட்டால் காதில் விழவேண்டும்; பால் பொங்கினால் மூக்குக்குத் தெரியவேண்டும். கண்ணும் காதும் இரண்டும் வேறு லோகத்துக்குப் போய்விட்ட மனிதன் கூடத்தின் நடுவில் கை வீசிக்கொண்டு நின்றால், பார்க்கிறவர்களுக்கு விளையாட்டில் பங்கில்லை. விபூதி பூசலாமா என்ற யோசனைதான் பிறக்கும்.

இதற்கு நேர் எதிராகச் செல்போன் விளையாட்டு எப்படிப் பரவிற்று என்று பாருங்கள். 2016-க்குப் பிறகு இணையக் கட்டணம் அடிமாட்டு விலைக்கு வந்ததும், 'பப்ஜி' என்றும் 'ப்ரீ பயர்' என்றும் எதெதுவோ நம் கிராமங்களுக்குள் புகுந்தன. சர்க்கார் 2020-லும் 2022-லும் அவற்றைத் தடை செய்யவேண்டிய அளவுக்குப் பரவின. அவை நல்லவை என்று நாம் சொல்ல வரவில்லை; பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் அதற்கு நற்சாட்சிப் பத்திரம் எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் அவை கேட்டது என்ன? ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கும் போன். இரண்டு கட்டை விரல். பஸ் வருகிறவரையில் பத்து நிமிஷம். நாலு பையன்கள் ஒரே திண்ணையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஒருவனை ஒருவன் வைதுகொண்டே ஆடலாம். ஒரு கண் விளையாட்டில், ஒரு கண் தகப்பனார் வருகிற தெருமுனையில்! வி.ஆர். முகமூடியில் அந்த இரண்டாவது கண்ணுக்கு வழியில்லை.

இனி விளையாட்டுக்களின் பஞ்சம். 2020 மார்ச்சில் வால்வ் கம்பெனி 'ஹாப்-லைப்: அலிக்ஸ்' என்ற பெரிய விளையாட்டை முகமூடிக்கென்றே செய்து வெளியிட்டது. ரசிகர்கள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு கூத்தாடினார்கள். அதன் பின்னால் அதைப்போல் நூறு வரும் என்று காத்திருந்தார்கள், வரவில்லை. முகமூடி வைத்திருப்பவர்கள் சொற்பம், ஆகவே பெரும் பணம் போட்டு விளையாட்டுச் செய்ய ஆளில்லை. நல்ல விளையாட்டு சொற்பம், ஆகவே முகமூடி வாங்க ஆளில்லை. மாப்பிள்ளை வந்தால் பந்தல் போடலாம் என்று பெண் வீட்டாரும், பந்தல் போட்டால் வருகிறோம் என்று பிள்ளை வீட்டாரும் இருந்தால் கலியாணம் எப்போது? இதிலும் தப்பிப் பிழைத்தது 'பீட் சேபர்' போன்றது. பாட்டுக்குத் தாளமிட்டபடி, எதிரே வரும் கட்டைகளை வாளால் வெட்டவேண்டும், அவ்வளவே. நின்ற இடத்தை விட்டு நகரவேண்டாம். ஆதலால் வயிறு புரளாது. ஒரு பாட்டு சில நிமிஷம். அடுத்த பாட்டுக்கு அடுத்த ஆள். யோசித்துப் பார்த்தால் இதுவும் ராட்டினத்துச் சுற்றேயல்லவா?

கண்ணைக் கட்டாமலே வேறு லோகத்துக்குப் போகும் வித்தையை இந்தச் செஞ்சிச் சீமை வெகுகாலமாகக் கைக்கொண்டிருக்கிறது. செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்திலுள்ள மேலச்சேரியைத் திரௌபதை அம்மன் வழிபாட்டின் ஆதி ஸ்தலமென்று சொல்லுவார்கள். ஆல்ப் ஹில்டபைடல் என்ற அமெரிக்க அறிஞர் 1988-ல் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரும் புத்தகத்தின் முதல் பாகத்துக்கு, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்ற பொருளில் தலைப்பிட்டார். இரவு முழுவதும் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது. கடைசியில் படுகளத்தில் மண்ணால் கிடத்திய பிரும்மாண்டமான துரியோதனன். அந்த மண்மேட்டைச் சுற்றி நிற்கிறவன் வல்லத்தில் நிற்கவில்லை, குருக்ஷேத்திரத்தில் நிற்கிறான். அவன் பாட்டியும், பக்கத்துக் கொல்லைக்காரனும், கடன் கொடுத்தவனும் கூடவே குருக்ஷேத்திரத்தில் நிற்கிறார்கள்! அப்படி ஊரோடு போய் வந்த பழக்கமுள்ளவனைத் தனியாகப் போய் வா என்று அனுப்பினால் அவனுக்குச் சுவைப்பது கடினம்.

மணிலாக்கொட்டை விற்ற பணம் கையிலிருந்த சமயத்தில் தகப்பனார் ஒருவர் நம்மிடம் வந்து, பிளஸ் டூ தேறிய மகன் இந்த முகமூடியைக் கேட்பதாகவும், படிப்புக்கும் உதவும் என்று சொல்லுவதாகவும் தெரிவித்து, வாங்கலாமா என்று யோசனை கேட்டார். தருவித்துக் கொடுப்பவர் சொன்ன விலை அவருடைய ஒரு போக லாபத்துக்குக் குறைவில்லை. "படிப்புக்கு என்று வாங்காதீர்கள். விளையாட்டுக்கு என்றால், முதலில் பையனைச் சென்னைக்கு அழைத்துப்போய், வாடகைக்கு விளையாடவிடும் இடத்தில் கால் மணி நேரம் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. மூன்றாம் முறையும் பஸ் சத்தம் போட்டுப் போகவேண்டுமென்று அவனே கேட்டால் அப்புறம் பேசலாம்" என்றோம். பையன் இரண்டு முறை போனான். இரண்டாம் முறை, கூடப்போன சிநேகிதர்களோடு கடற்கரையில் அதிக நேரம் இருந்துவிட்டதாகக் கேள்வி.

வேறொரு பையன் விஷயத்தில் இந்த யோசனை செல்லாது. நமது வகுப்பில் ஊன்றுகோலில்லாமல் நடக்கமுடியாத மாணவன் ஒருவன் இருக்கிறான். 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டபோது பிள்ளைகளெல்லாம் ராஜகிரிக்கு ஏறினார்கள். எண்ணூறு அடி உயரம். இவன் அடிவாரத்தில் கல்யாண மகாலோடு நின்றுவிட்டான். ஏறியவர்களுக்கு ராட்டினமாக இருப்பது இவனுக்கு ஏணியாக இருக்கக்கூடும். இப்போதைய முகமூடி விளையாட்டுக்களில் பல, நின்று, குனிந்து, இரு கையையும் வீசுகிறவர்களுக்கென்றே அமைந்தவை. உட்கார்ந்தபடியே, ஒரு கையினாலேயே, தேசிங்குராஜன் குதிரையில் அமர்ந்து அந்த மலைமேல் போகும்படி ஒரு விளையாட்டைச் செய்வதற்கு நம் நாட்டில் அறிவுக்குக் குறைவில்லை, சென்னை ஐ.ஐ.டி.யில் இத்துறைக்கென்றே எக்ஸ்.டி.ஐ.சி. என்ற ஆராய்ச்சி மையம் நடக்கிறது. கோடி பேருக்கு விற்காது என்பதால் வியாபாரிகள் செய்யமாட்டார்கள். சர்க்காரோ சர்வகலாசாலையோதான் செய்யவேண்டும். இப்படிப்பட்ட ஒன்று சாத்தியமென்று அவனிடம் விவரித்தோம். கவனமாய்க் கேட்டான். மலைமேல் சகபாடிகளின் தின்பண்டப் பொட்டலத்தைக் குரங்குகள் பிடுங்கிக்கொண்ட கதையை அவன் ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தான் போலும்.

"அதிலே குரங்கும் வருமா, சார்?" என்றான்.